பிளகினிலிருந்து திறந்த தரநிலைகளுக்கு: பழைய இணையதளத்தை மாற்றும் முழுமையான வழிகாட்டி

ஃபிளாஷ், ஜாவா ஆப்லெட், சில்வர்லைட், ஆக்டிவ்எக்ஸ் என ஏதோ ஒரு பிளகினை (பிரவுசரோடு தனியாகச் சேர்க்கும் துணை மென்பொருளை) நம்பிக் கட்டிய இணையதளம் இன்னும் உங்கள் பொறுப்பில் இருந்தால், இது உங்களுக்காக. இன்றைய பிரவுசர்கள் அவற்றை ஓட்டாததால் பக்கத்தின் நடுவில் ஒரு சாம்பல் பெட்டி மட்டும் தெரியும். உள்ளே இருந்த பாடமோ வீடியோவோ படிவமோ யாருக்கும் வராது. அதை, பிளகின் இல்லாமல் பிரவுசரே புரிந்துகொள்ளும் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், எஸ்விஜி (கோடுகளாக வரையும் பட வடிவம்) போன்ற திறந்த தரநிலைகளுக்குக் கொண்டுவரும் வேலையை வரிசைப்படி சொல்கிறேன்.

வரிசையை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. புதிதாக இறங்குபவர்கள் முதல் நாளே கேன்வாஸை (பக்கத்தில் நிரலால் படம் வரையும் பரப்பை) திறந்து வரையத் தொடங்கிவிடுகிறார்கள். பழைய பெட்டி யாருக்கும் தெரியாமல் மதிப்பெண்ணைச் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்த விஷயம் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவருகிறது. செய்த வேலையில் பாதியைத் திரும்பப் பிரிக்க வேண்டியதாகிவிடும்.

புரிவதற்காக ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: வீடியோவோடு ஓடும் ஒரு ஃபிளாஷ் பாடம். வீடியோ நகர நகரப் பக்கத்தில் படங்கள் மாறும், முடிவில் வினாடி வினா வரும், மதிப்பெண் சர்வருக்குப் போகும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், சர்வரில் இருக்கும் எல்லாக் கோப்புகளின் முழுப் பிரதி. தரவுத்தளமும் அதில் சேரவேண்டும். ஆறு மாத சர்வர் பதிவேடுகள் கிடைத்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்; எந்தப் பக்கத்துக்கு இன்னும் ஆள் வருகிறது என்பதை அவைதான் சொல்லும்.

இரண்டாவது, மூலக் கோப்புகள். ஃபிளாஷுக்கு எஃப்எல்ஏ, ஆப்லெட்டுக்கு ஜாவா மூல நிரல், சில்வர்லைட்டுக்கு அதன் ப்ராஜெக்ட் ஃபோல்டர். இவற்றைத் தேடுவதற்கு ஒரு முழு நாளைத் தாராளமாகச் செலவிடலாம். பழைய கணினி, பழைய பென்டிரைவ், முன்பு அங்கே வேலை பார்த்தவரின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் துழாவுங்கள். மூலம் கிடைத்துவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறையும்.

மூன்றாவது, வீடியோவை மாற்ற எஃப்எஃப்எம்பெக், ஃபிளாஷ் கோப்பைப் பிரித்துப் பார்க்க ஜேபிஇஎக்ஸ்எஸ் டீகம்பைலர், பழைய மென்பொருளை ஓட்ட ஒரு மெய்நிகர் கணினி (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி). சோதிக்க ஒரு ஐபோனும் சாதாரண ஆண்ட்ராய்டு போனும் தேவை. மேசைக் கணினியில் மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்ல முடியாது.

## 1. எங்கே என்ன ஒளிந்திருக்கிறது என்று கணக்கெடுங்கள்

பக்கங்களைக் கண்ணால் பார்த்துக் கணக்கெடுத்தால் தவறும். கோப்புகளின் உள்ளே தேடுங்கள்: ஆப்ஜெக்ட், எம்பெட், ஆப்லெட் ஆகிய மூன்று டேக்குகள், எஸ்டபிள்யூஎஃப் (ஃபிளாஷ்), ஜார் (ஆப்லெட்), எக்ஸ்ஏபி (சில்வர்லைட்) என்ற கோப்பு முடிவுகள், அப்புறம் எஸ்டபிள்யூஎஃப்ஆப்ஜெக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் பெயர். கடைசியில் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது ஃபிளாஷ் பெட்டியைப் பக்கம் திறந்த பிறகுதான் உள்ளே நுழைக்கும். அதனால் மூலப் பக்கத்தில் டேக்கைத் தேடினால் ஒன்றும் அகப்படாது.

தரவுத்தளத்திலும் தேட வேண்டும். கட்டுரைகளின் உடலுக்குள்ளேயே எம்பெட் டேக்கை ஒட்டி வைத்திருக்கும் தளங்கள் ஏராளம்.

ஒரு ஃபிளாஷ் கோப்பு இன்னொன்றை உள்ளே ஏற்றுவதும் சாதாரணம். நமது பாடத்தில் வெளிக்கூடு ஒரு கோப்பு, ஒவ்வொரு அத்தியாயமும் தனிக் கோப்பு என்று இருந்தால், பக்கத்தில் தெரிவது கூடு மட்டும்தான். சர்வர் ஃபோல்டரில் உள்ள கோப்புகளையும் பக்கங்கள் கூப்பிடும் கோப்புகளையும் ஒப்பிடுங்கள். மிஞ்சுபவை பெரும்பாலும் இப்படி உள்ளிருந்து ஏற்றப்படுபவையே. குப்பை என்று நினைத்து அழித்துவிட வேண்டாம்.

## 2. பழையதை ஒருமுறை ஓட வைத்துப் பதிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லோரும் பிறகு இதற்கே திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். பழையது எப்படி நடந்துகொண்டது என்று தெரியாவிட்டால், புதியது சரியா என்று ஒப்பிட எதுவும் இருக்காது.

ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுக்கும்படி அமைக்கப்பட்டது. ஆகவே பிரவுசரில் முயல வேண்டாம். பிரவுசர் இல்லாமல் தனியே இயங்கும் ஃபிளாஷ் புரொஜெக்டரில் கோப்பைத் திறக்கலாம். ஆனால் அதைச் சுற்றி வலைப்பக்கம் இல்லாததால், பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டோடு பேசும் பகுதிகள் அதில் ஊமையாகிவிடும். ஏதோ உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

ஆப்லெட்டை ஜேடிகே 8-இல் வரும் ஆப்லெட்வியூவரில் ஓட்டலாம். ஜேடிகே 11-இல் அந்தக் கருவி நீக்கப்பட்டுவிட்டது. சில்வர்லைட்டின் ஆதரவு 2021 அக்டோபர் 12-இல் முடிந்தது. அதற்கும் ஆக்டிவ்எக்ஸுக்கும் எட்ஜ் பிரவுசரின் ஐஇ மோட் (பக்கத்தைப் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போல ஓட்டும் முறை) கைகொடுக்கும். இவற்றையெல்லாம் இணைய இணைப்பைத் துண்டித்த மெய்நிகர் கணினியில் மட்டுமே செய்யுங்கள். இனி யாரும் ஓட்டை அடைக்காத மென்பொருள் இவை. சர்வர் தேவைப்பட்டால் அதன் பிரதியையும் அதே மெய்நிகர் கணினிக்குள் வையுங்கள்.

ஓடத் தொடங்கியதும் திரையை வீடியோவாகப் பதிவு செய்யுங்கள். எல்லாப் பட்டனையும் அழுத்துங்கள், தவறான விடையும் கொடுத்துப் பாருங்கள். கூடவே நெட்வொர்க்கில் என்ன போகிறது, என்ன வருகிறது என்பதையும் பிடித்து வையுங்கள். மதிப்பெண் எந்த முகவரிக்கு எந்த வடிவத்தில் போனது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூலம் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி. எக்ஸ்ஏபி கோப்பும் ஜார் கோப்பும் உண்மையில் ஜிப் தொகுப்புகள்தான், விரித்தால் உள்ளே இருப்பது தெரியும். எஸ்டபிள்யூஎஃப் கோப்பை ஜேபிஇஎக்ஸ்எஸ்ஸில் திறந்தால் படங்கள், ஒலிகள், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் (ஃபிளாஷின் நிரல் மொழி) எல்லாம் வெளியே வரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியிருந்தால் எழுத்துகள் மட்டும் பொருளற்ற குறிகளாக வரும். அந்த எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு அதற்கான மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். புதிய பக்கத்தில் பழைய எழுத்துருவையே இணைத்துச் சமாளித்தால் தேடலும் வராது, திரைவாசிப்பானும் படிக்காது.

## 3. ஒரு பெட்டி செய்த பல வேலைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள்

பிளகின் என்பது ஒரே பெட்டிக்குள் பல வேலைகளை அடைத்து வைத்த ஒன்று. திறந்த தரநிலைகளில் ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கருவி உண்டு. அதனால் "ஃபிளாஷுக்குப் பதிலாக எது?" என்று கேட்டால் விடை கிடைக்காது. பெட்டி செய்த வேலைகளை எழுதிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் விடை தானே வரும்.

நமது பாடத்தை எடுத்துக்கொண்டால் வேலைகள் இவை:

- வீடியோ ஓட்டுவது: எச்டிஎம்எல் வீடியோ டேக்.
- குறிப்பிட்ட நொடியில் படம் மாற்றுவது: வெப்விடிடி குறிப்புகள் (வீடியோவின் நேரத்தோடு ஓடும் உரைக் கோப்பு).
- கேள்விகளும் விடைகளும்: சாதாரண எச்டிஎம்எல் படிவம்.
- நகரும் விளக்கப்படம்: எஸ்விஜி, சிஎஸ்எஸ், சிக்கலானால் கேன்வாஸ்.
- விட்ட இடத்தை நினைவில் வைப்பது: லோக்கல் ஸ்டோரேஜ் (பிரவுசருக்குள்ளேயே சேமிக்கும் இடம்) அல்லது சர்வர்.
- மதிப்பெண் அனுப்புவது: ஃபெட்ச் (சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் வசதி), ஜேசன் (தரவை உரையாக எழுதும் வடிவம்).

இந்தப் பட்டியலைப் பாருங்கள், கேன்வாஸ் ஒரே ஒரு வரியில்தான் வருகிறது. முழுப் பாடத்தையும் கேன்வாஸில் வரைந்தால் இன்னொரு மூடிய பெட்டியைத்தான் கட்டியிருப்போம்: எழுத்தைத் தேர்வுசெய்ய முடியாது, பெரிதாக்கினால் வரி மடங்காது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு உள்ளே இருக்கும் எதுவும் கேட்காது. எழுத்தும் பட்டனும் எச்டிஎம்எல்லாகவே இருக்கட்டும். வரைய வேண்டிய சிறு பகுதிக்கு மட்டும் கேன்வாஸ் போதும்.

## 4. எதை விடுவது, எதை எமுலேட்டரில் ஓட்டுவது, எதை மறுபடி எழுதுவது

பதிவேடுகளைப் பார்த்து யாருமே வராத பக்கங்களை ஒதுக்குங்கள். அலங்காரத்துக்காக வைத்த முகப்பு அனிமேஷன், உருளும் பேனர், ஃபிளாஷ் மெனு ஆகியவற்றுக்கு நேரம் செலவிட வேண்டியதில்லை. மெனுவைச் சாதாரண இணைப்புகளாக மாற்றினாலே போதும்.

பழைய விளையாட்டு, கலைப்படைப்பு போல அப்படியே பாதுகாக்க வேண்டியவற்றுக்கு ரஃபிள் இருக்கிறது. ரஸ்ட் மொழியில் எழுதி வெப்அசெம்பிளியாக (பிரவுசரில் ஓடும் நிரல் வடிவம்) மாற்றப்பட்ட ஃபிளாஷ் எமுலேட்டர், அதாவது ஃபிளாஷ் பிளேயர் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள் அது. பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்டைச் சேர்த்தால் பழைய டேக்குகளைத் தானே கண்டுபிடித்து ஓட்டும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2-இல் எழுதியவை பெரும்பாலும் நன்றாகவே ஓடும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்றால் ஒவ்வொன்றையும் ஓட்டிச் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

ரஃபிளில் தடுமாறும் இடங்கள் மூன்று. வாஸ்ம் கோப்பை, அதாவது வெப்அசெம்பிளி நிரலை, சர்வர் சரியான மைம் வகையோடு (கோப்பு எந்த வகை என்று சொல்லும் குறிப்பு) அனுப்ப வேண்டும். உங்கள் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை, அதாவது சிஎஸ்பி, வெப்அசெம்பிளியை அனுமதிக்க வேண்டும். எஸ்டபிள்யூஎஃப் கோப்பு வேறு டொமைனில் இருந்தால் அங்கே சிஓஆர்எஸ் அனுமதி (வேறு தளத்தின் பக்கம் தன் கோப்பைப் படிக்கலாம் என்று சர்வர் சொல்வது) வேண்டும். திரை கறுப்பாக நின்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

தினமும் பயன்படுகிற, இனியும் திருத்த வேண்டிய உள்ளடக்கத்தை எமுலேட்டரில் விடக்கூடாது என்பது என் கருத்து. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூடப் பழைய கருவியைத் தேட வேண்டியிருக்கும்.

## 5. வீடியோவை முதலில் முடியுங்கள்

மாற்றப்போவதில் வீடியோவை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம், பயனாளிக்கு உடனே பலன் தெரிவதுதான். மீதி வேலைகள் எதையும் அது சார்ந்திருப்பதும் இல்லை.

எஃப்எல்வி என்ற ஃபிளாஷ் வீடியோ கோப்பு உறை மட்டுமே. உள்ளே எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) இருக்கிறது என்று எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்ப்ரோபில் முதலில் பாருங்கள். எச்.264 வீடியோவும் ஏஏசி ஒலியும் இருந்தால் மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே எம்பி4 உறைக்கு மாற்றலாம். தரம் துளியும் குறையாது, நேரமும் ஆகாது. இதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மறுபடி என்கோட் செய்து, ஏற்கெனவே மங்கிய பழைய வீடியோவை இன்னும் மங்க வைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

சோரன்சன், விபி6 போன்ற பழைய கோடெக் என்றால் மறுபடி என்கோட் செய்துதான் ஆகவேண்டும். அப்போது நிற வடிவத்தை ஒய்யூவி 4:2:0 என்று வையுங்கள். அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்கட்டும். இல்லையென்றால் சில சாதனங்களில் ஒலி மட்டும் வரும், அல்லது என்கோடரே பிழை சொல்லி நின்றுவிடும். எம்பி4 எழுதும்போது அட்டவணைப் பகுதியைக் கோப்பின் தலைப்பக்கம் கொண்டுவரும் ஃபாஸ்ட்ஸ்டார்ட் தேர்வையும் சேருங்கள். அட்டவணை கடைசியில் இருந்தால் படம் தொடங்குவதற்கு முன்பே பிரவுசர் அதைத் தேடி அலைய வேண்டிவரும்.

இரண்டு பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, எஃப்எல்விக்குள் பதித்த கியூ பாயின்ட்டுகள், அதாவது எந்த நொடியில் எதைச் செய்வது என்ற குறிகள். நமது பாடத்தில் படங்கள் மாறியது அவற்றால்தான். எம்பி4 ஆக்கும்போது அவை சத்தமின்றித் தொலைந்துபோகும்; வீடியோ நன்றாக ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை. மாற்றும் முன்பே நேரங்களைப் பட்டியலாக எடுத்து, மெட்டாடேட்டா வகை வெப்விடிடி கோப்பாக எழுதி, வீடியோவில் டிராக்காக இணையுங்கள். குறிப்பு மாறும் நிகழ்வைக் கேட்டுப் படத்தை மாற்றலாம்.

இன்னொன்று, பின்னணி இல்லாமல் ஆள் மட்டும் நிற்பதுபோல் வரும் ஒளிபுகு வீடியோ. விபி6-இல் அது இருந்தது. எச்.264-இல் அப்படி வைக்க வழியில்லை. பின்னணி நிறத்தோடு சேர்த்தே என்கோட் செய்துவிடுவதுதான் எளிது.

ஓட்டும் பக்கத்தில் சில விதிகள். ஒலியோடு தானாக ஓடுவதைப் பிரவுசர்கள் தடுக்கும், ஆகவே தானாக ஓடவேண்டியது ஒலியில்லாமல் ஓடட்டும். ஐபோனில் முழுத்திரைக்குத் தாவாமல் இருக்க ப்ளேஸ்இன்லைன் பண்பு தேவை. சர்வர் கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்கும் ரேஞ்ச் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லவில்லை என்றால் சஃபாரியில் வீடியோ ஓடாது. குரோமில் ஓடுவதைப் பார்த்துவிட்டு இதில் மணிக்கணக்கில் சிக்கியவர்கள் நிறைய.

நேரலை என்றால், ஃபிளாஷ் பயன்படுத்திய ஆர்டிஎம்பி என்ற அனுப்பும் முறையைப் பிரவுசர் புரிந்துகொள்ளாது. அனுப்பும் பக்கம் ஆர்டிஎம்பியாகவே இருக்கலாம். பார்ப்பவருக்கு எச்எல்எஸ் (வீடியோவைச் சிறு துண்டுகளாக அனுப்பும் முறை) ஆக மாற்றிக் கொடுங்கள். அதில் சில நொடி தாமதம் வரும். இருவழி உரையாடல் தேவைப்பட்டால், பிரவுசர்கள் நேரலையாகப் பேசிக்கொள்ளும் வெப்ஆர்டிசி. கேமராவும் மைக்கும் எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்தில் திறக்காது.

## 6. சர்வரோடு பேசும் வழியைச் சரிசெய்யுங்கள்

திரையை எழுதும் முன் இதை முடிக்கச் சொல்கிறேன். தரவின் வடிவம் உறுதியான பிறகு திரை எழுதினால் ஒருமுறை எழுதினால் போதும்.

ஃபிளாஷ் ஏஎம்எஃப் என்ற பைனரி வடிவிலோ எக்ஸ்எம்எல்லிலோ பேசியிருக்கும். பழைய சர்வர் நிரலைத் தொடாமல், அதன் பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் ஒரு ஜேசன் வாசலைத் திறவுங்கள். பழையதும் புதியதும் ஒரே விடை தருகின்றனவா என்று 2-ஆம் படியில் பிடித்து வைத்த பதிவோடு ஒப்பிடலாம்.

இங்கே எண்களில் கவனம் வேண்டும். ஜாவாவிலும் சில்வர்லைட்டிலும் 64 பிட் முழு எண்கள் உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். அதைத் தாண்டிய அடையாள எண்ணை அனுப்பினால் கடைசி இலக்கங்கள் மாறிவிடும், பிழைச் செய்தியும் வராது. அத்தகைய எண்களைச் சரமாக (உரையாக) அனுப்புங்கள். ஜேசனில் தேதி வகையும் கிடையாது. ஐஎஸ்ஓ வடிவில், நேர மண்டலத்தோடு எழுதுங்கள்.

வேறு டொமைனில் தரவு இருந்தால், ஃபிளாஷுக்கு அனுமதி தந்த பழைய கிராஸ்டொமைன் எக்ஸ்எம்எல் கோப்பைப் பிரவுசர் படிக்காது. சிஓஆர்எஸ் ஹெட்டர் தேவை. அவசரத்தில் எல்லோருக்கும் நட்சத்திரக் குறி போட்டு அனுமதித்துவிடுகிறார்கள். குக்கீயோடு போகும் கோரிக்கைக்கு அது செல்லாது, டொமைன் பெயரைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.

மதிப்பெண்ணைப் பிரவுசரில் கணக்கிட்டு அனுப்பும் பழக்கத்தை இத்தோடு விடுங்கள். விடைகளை அனுப்பி, சர்வர் திருத்தட்டும். ஃபிளாஷ் காலத்திலும் இது பாதுகாப்பானதாக இருந்ததில்லை. இப்போது யார் வேண்டுமானாலும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பார்க்கலாம்.

## 7. அனிமேஷனையும் ஊடாட்டத்தையும் எழுதுங்கள்

எஃப்எல்ஏ இருந்தால் அடோபி அனிமேட்டில் எச்டிஎம்எல்5 கேன்வாஸாக மாற்றலாம். படங்களும் டைம்லைனும் வரும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மட்டும் கருத்துரையாக ஒதுக்கப்பட்டுவிடும். அதை நீங்கள்தான் ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டும்.

வரிக்கு வரி மொழிபெயர்க்கும்போது பின்வருபவை காலை வாரும்.

வேகம். ஃபிளாஷில் நொடிக்கு 12, 24 என்று ஃபிரேம் வேகம் குறித்து வைத்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் 5 பிக்சல் நகர்த்து என்று எழுதியிருப்பார்கள். பிரவுசரின் அனிமேஷன் ஃபிரேம் அழைப்போ திரையின் வேகத்தில் வரும்: சிலருக்கு 60, சிலருக்கு 120. உங்கள் மேசையில் சரியாக ஓடியது இன்னொருவரிடம் இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். கடந்த நேரத்தை அளந்து, அதற்கேற்ப நகர்த்துங்கள். டேப் மறைந்திருக்கும்போது அழைப்பு நின்றுவிடும். திரும்பி வரும்போது பெரிய நேர இடைவெளி ஒரேயடியாகச் சேரும். அதற்கு ஓர் உச்ச வரம்பு வையுங்கள்.

கோணமும் அளவும். ஃபிளாஷின் சுழற்சி டிகிரியில், கேன்வாஸில் ரேடியனில். எஸ்டபிள்யூஎஃப் கோப்புக்குள் இருக்கும் அளவுகள் ட்விப் என்ற அலகில் இருக்கும், 20 ட்விப் ஒரு பிக்சல். பிரித்தெடுத்த வடிவம் 20 மடங்கு பெரிதாக வந்தால் காரணம் இதுதான்.

பெயர்கள். ஃபிளாஷ் 6 வரையிலான கோப்புகளில் மாறிகளின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இல்லை. வரையறுக்காத மாறியைச் சரத்தோடு சேர்த்தால் வெறுமையாக வரும். ஜாவாஸ்கிரிப்டில் இரண்டும் வேறு மாதிரி. கோப்பின் நான்காவது பைட் அதன் பதிப்பைச் சொல்லும், முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மங்கல். அடர்த்தியான திரைகளில் கேன்வாஸ் மங்கலாகத் தெரிந்தால், அதன் உள் அளவைச் சாதனத்தின் பிக்சல் விகிதத்தால் பெருக்குங்கள். வெளி அளவைச் சிஎஸ்எஸ்ஸில் பழையபடியே வையுங்கள்.

விரல். மவுஸை மேலே கொண்டுபோனால் விளக்கம் வரும் என்ற ஏற்பாடு தொடுதிரையில் வேலை செய்யாது. பாயின்டர் நிகழ்வுகளைப் பயன்படுத்துங்கள். இழுத்துப் பொருத்தும் கேள்விகளுக்கு, விசைப்பலகையால் விடை தேர்ந்தெடுக்கும் வழியையும் சேருங்கள். அது இல்லாமல் சிலரால் பாடத்தை முடிக்கவே முடியாது.

ஒலி. வெப் ஆடியோ பயனாளி ஒருமுறை அழுத்திய பிறகே திறக்கும். "தொடங்கு" பட்டனோடு அதை இணைத்துவிட்டால் தீர்ந்தது.

விட்ட இடத்தை நினைவில் வைக்க லோக்கல் ஸ்டோரேஜ் போதும், ஆனால் அது சரங்களை மட்டுமே வைக்கும். சஃபாரியில், பயனாளி ஏழு நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் இருந்தால் அழிந்தும் போகலாம். முக்கியமான முன்னேற்றம் என்றால் சர்வரில் வையுங்கள்.

## 8. கணினிக்குள் கைவைத்த பிளகின்கள்

ஸ்மார்ட் கார்டில் ஆவணத்துக்குக் கையொப்பமிடுவது, ஸ்கேனரை இயக்குவது போன்ற வேலைகளை ஆப்லெட்டும் ஆக்டிவ்எக்ஸும் செய்தன. இதற்கு நேர் மாற்றாக எல்லாப் பிரவுசரிலும் இயங்கும் தரநிலை இல்லை. வெப்ஆத்தென் உள்நுழைவுக்குச் சிறந்தது. ஆவணக் கையொப்பத்துக்கு அது செய்யப்படவில்லை.

வழக்கமான தீர்வு, பயனாளியின் கணினியில் நிறுவும் ஒரு சிறிய துணை மென்பொருள். பக்கம் அதனோடு லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினியின் உள் முகவரி) வழியாகவோ நேட்டிவ் மெசேஜிங் (பிரவுசர் நீட்சி மூலம் பேசும் வசதி) வழியாகவோ பேசும். லோக்கல்ஹோஸ்ட் என்றால் ஒரு பெரிய ஆபத்து: பயனாளி திறக்கும் எந்தத் தளமும் அந்த வாசலைத் தட்டலாம். ஒவ்வொரு கோரிக்கையும் எந்த ஒரிஜினிலிருந்து, அதாவது எந்தத் தளத்திலிருந்து, வந்தது என்று சோதித்து, உங்களுடையது இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். கையொப்பமிடும் முன் ஆவணத்தின் பெயரைத் துணை மென்பொருளின் சொந்த ஜன்னலில் காட்டி ஒப்புதல் பெறுங்கள்.

## 9. சோதித்து, மாற்றி வையுங்கள்

பழைய திரைப்பதிவைப் பக்கத்தில் ஓடவிட்டு, அதே விடைகளைப் புதியதில் கொடுத்துப் பாருங்கள். பிரவுசரின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் நிபந்தனைகள் பழைய நிரலில் நிறைய இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, தேவையான வசதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பக்கங்களின் முகவரியை மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் நிரந்தர வழிமாற்று கொடுங்கள். "பிளகினை நிறுவவும்" என்ற பழைய அறிவிப்பையும் அதன் இணைப்பையும் முழுதாக நீக்குங்கள். போலி ஃபிளாஷ் அப்டேட் என்ற பெயரில் தீநிரல்கள் பரவியிருக்கின்றன, அத்தகைய வலையில் விழ உங்கள் பக்கம் யாரையும் பழக்கக்கூடாது.

எல்லாம் போன பிறகு, சிஎஸ்பி ஹெட்டரில் ஆப்ஜெக்ட் மூலம் எதுவும் வேண்டாம் என்று அமைக்கலாம். யாராவது பழைய டேக்கை மறுபடி ஒட்டினாலும் அது ஏறாது. ஆனால் ஆப்ஜெக்ட், எம்பெட் டேக் வழியாகப் பிடிஎஃப் காட்டும் பக்கங்கள் இருந்தால் அவையும் நின்றுபோகும். எனவே முதலில் தடுக்காமல் அறிக்கை மட்டும் அனுப்பும் முறையில் ஓரிரு வாரம் ஓட்டி, எந்தப் பக்கங்கள் அகப்படுகின்றன என்று பார்த்து, அவற்றைச் சரிசெய்த பிறகு முழுத் தடையைப் போடுங்கள். பழைய கோப்புகளின் பிரதியையும் மெய்நிகர் கணினியையும் அழிக்காமல் ஒரு தனி வட்டில் எடுத்து வையுங்கள்.